முதலாண்டு எம்பிபிஎஸ் தம்பி பாதியில் ஊருக்கு வந்துவிட்டான், திரும்பப் போக மாட்டேன் என்கிறான். யாரிடம் போவது?

வலைக்கொட்டகை (பாம்பன்) | வியாழன் இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா பாசி எடுக்கப் போவாள். தம்பி இங்கே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். இரண்டாவது தடவை நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், வட மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தெருவில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அது இன்னும் கிழியாமல் தொங்குகிறது.

பொங்கலுக்கு வந்தபோது ஓர் அரிசிச் சாக்கில் எலும்புகளைக் கொண்டுவந்தான். சீனியர் கொடுத்த எலும்பு செட், படிப்பதற்கு. அம்மா அதை வீட்டுக்குள் விடவே இல்லை, அதனால் வலை வைக்கிற கொட்டகையில் வைத்துக்கொண்டான். ராத்திரி அப்பா அங்கே கிழிந்த வலையைச் சரிபண்ணிக்கொண்டிருப்பார், இவன் பக்கத்தில் உட்கார்ந்து தொடை எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "இது எந்தப் பக்கத்துக் கால்டா?" என்று அப்பா கேட்பார். இவன் தன் காலோடு வைத்துக் காட்டி, எலும்பின் தலை இந்தப் பக்கம் பார்த்தால் வலது, அந்தப் பக்கம் பார்த்தால் இடது என்பான். மூன்றாம் நாள் அப்பாவே சரியாகச் சொன்னார்.

போன செவ்வாய் விடியற்காலை, யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கினான். பையில் அழுக்குத் துணி மட்டும்தான். எலும்பு இல்லை, புத்தகம் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. அனாட்டமி (உடற்கூறியல்) இன்டர்னல் தேர்வு இரண்டிலும் மார்க் போய்விட்டதாம். பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான். ராத்திரி தூங்காமல், கரையில் ஏற்றி வைத்த வத்தையில் (சின்னப் படகு) போய் உட்கார்ந்துகொள்கிறான். கேட்டால், "நான் அங்க இருக்க லாயக்கில்லக்கா, அப்பாவோட கடலுக்குப் போறேன்" என்கிறான். அப்பா வாயே திறக்கவில்லை. அம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவோம் என்கிறாள்.

கல்லூரியில் மாணவரைப் பார்த்துக்கொள்ள மென்டர் என்று ஓர் ஆசிரியர் இருக்கிறாராம். ஒரு தடவை கையெழுத்து வாங்கியதோடு சரி, அவருக்கு இவன் பெயர் தெரியுமா என்றே தெரியாது என்கிறான். நாங்கள் யாரிடம் பேச வேண்டும்? மனநல டாக்டரிடம் போனால் கல்லூரிப் பதிவில் ஏறிவிடுமா?

தொண்டி ஹவுஸ்சர்ஜன் | இரவு 10.41

அக்கா, நானும் நம்ம கரைதான். மற்ற எல்லாம் அப்புறம். முதலில் ஒன்று கேட்கிறேன்: "சாகணும் போல இருக்கா" என்று தம்பியிடம் நேராகக் கேட்டீர்களா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. இப்படிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பாரத்தைக் குறைக்கும்.

ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, தனியே விடாதீர்கள். இந்த இரவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் 14416க்குப் பேசுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. அவன்தான் பேச வேண்டும் என்று இல்லை, வீட்டு ஆளாக நீங்களே கேட்கலாம்.

வலைக்கொட்டகை | இரவு 11.30

கேட்டேன். வத்தையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சாகணும்னு இல்லக்கா. தூங்கணும், எந்திரிக்கவே வேணாம்னு இருக்கு" என்றான். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

தொண்டி ஹவுஸ்சர்ஜன் | இரவு 11.36

இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. "எந்திரிக்க வேணாம்" என்பதும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான். இன்றிரவு அவன் பக்கத்திலேயே யாராவது படுங்கள். வீட்டில் பூச்சி மருந்து, மாத்திரை இருந்தால் எடுத்து மறைத்து வையுங்கள். இப்போதே 14416க்குப் பேசுங்கள். காலையில் ராமநாதபுரம் மனநலப் பிரிவு ஓபி. சாயங்காலம் வரை தள்ள வேண்டாம்.

வலைக்கொட்டகை | இரவு 12.20

பேசிவிட்டேன். ஒரு பெண் எடுத்தார், அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். காலையில் போகச் சொல்லி அவரும் அதையேதான் சொன்னார். அப்பா தன் பாயை அவன் பக்கத்தில் விரித்துப் படுத்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கீழக்கரை வாப்பா (துபாய்) | வெள்ளி காலை 7.05

தங்கச்சி, உன் தம்பிக்காகத் துவா செய்கிறேன். பதிவில் ஏறுமா என்ற உன்னுடைய கடைசிக் கேள்விதான் எனக்கும். என் மகள் சுயநிதிக் கல்லூரியில் இரண்டாமாண்டு, கடனில் படிக்கிறாள். ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்று போனில் அழுதாள். கவுன்சலரிடம் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு நிக்காஹ் பேசும்போது யாராவது கிளப்பினால்? வேலைக்குப் போகும் இடத்தில் கேட்டால்? நம்ம ஊரில் மனசு சரியில்லை என்று சொன்னால் உடனே ஏர்வாடியைத்தான் காட்டுவார்கள்.

உப்பளத்துச் செவிலி | வெள்ளி காலை 8.50

அண்ணே, நான் மனநலப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள். ஏர்வாடி என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நம் கரையில் மனநோய் என்றதும் ஜனங்களுக்குச் சங்கிலி நினைவு வருவது அதனால்தான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஏர்வாடியில் இன்று தவா துவா என்று, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களை அரசு மனநல மருத்துவர் பார்க்கிறார். பாம்பன் தங்கச்சி, அம்மா ஏர்வாடிக்குப் போகணும் என்றால் தடுக்க வேண்டாம். போய்விட்டு வரட்டும். டாக்டரைப் பார்ப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

பதிவு விஷயம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள் உண்டு. மற்றபடி வார்டன் கேட்டார், மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று எந்த டாக்டரும் எடுத்துக் கொடுக்க முடியாது. மார்க் ஷீட்டில் இதைக் குறிக்கிற கட்டமே கிடையாது. உங்கள் மகளுக்குச் சொந்தக் கல்லூரி மருத்துவமனையில் காட்டக் கூச்சமாக இருந்தால், அது ரொம்ப இயல்பு, நாளைக்கு அதே டாக்டர்தானே வைவா (வாய்மொழித் தேர்வு) எடுப்பார்! பக்கத்து ஊரில் வேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். கை நடுக்கமும் படபடப்பும் நன்றாகச் சரியாகக்கூடியவை. அவள் அழுதுகொண்டு உங்களுக்குப் போன் போட்டிருக்கிறாள் அண்ணே. போ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தொண்டி ஹவுஸ்சர்ஜன் | வெள்ளி காலை 9.15

கடனைப் பற்றி மகளுக்குப் பயமிருந்தால் இதையும் சொல்லுங்கள்: படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஒரு தாளில் போய் ஆறு மாதம் தள்ளினால் வங்கிக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று என் பேட்சில் ஒரு பையன் நம்பிக்கொண்டிருந்தான்.

போட்டுக்காரன் (ராமேஸ்வரம்) | வெள்ளி காலை 11.40

எல்லோரும் படிப்புப் பக்கமே பேசுகிறீர்கள். பையனுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டுமே. கடலுக்குப் போவது கேவலமா? நானும் பிளஸ் டூவோடு கடலுக்கு வந்தவன்தான், மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். அவன் அப்பா பேசாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. தன் தொழிலை மகன் தண்டனை மாதிரிச் சொல்கிறான் என்று அவருக்கு வலிக்கும்.

வலைக்கொட்டகை | வெள்ளி மதியம் 1.10

அண்ணே, அப்பா மனசு நான் யோசிக்காதது. நன்றி.

ராமநாதபுரத்தில்தான் இருக்கிறோம். டாக்டர் அவனோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினார், எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். படிப்பை விடுவதா என்று இப்போது முடிவு எடுக்க வேண்டாம் என்றார்.

உப்பளத்துச் செவிலி | வெள்ளி மதியம் 2.00

அதேதான். கடலுக்குப் போவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் காய்ச்சலோடு இருக்கிறவனை நீங்களே போட்டில் ஏற்ற மாட்டீர்கள், இல்லையா அண்ணே? குணமாகட்டும். அப்போதும் கடல்தான் என்றால் சந்தோஷமாகப் போகட்டும்.

போட்டுக்காரன் | வெள்ளி மதியம் 2.12

சரிதாம்மா. ஏத்த மாட்டேன்.

அனாட்டமி டியூட்டர் | வெள்ளி இரவு 9.30

உங்கள் தம்பி படிக்கும் கல்லூரியில் இல்லை, ஆனால் இதே பாடத்தைத்தான் நான் எடுக்கிறேன். தம்பி போன்றவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன், அதனால் இது நீளும்.

முதலில் பயத்தைக் குறைக்கும் விவரங்கள். பல்கலைக்கழகத் தேர்வு எழுத தியரியில் 75, பிராக்டிகலில் 80 விழுக்காடு வருகை வேண்டும். சில நாள் விடுப்பில் இது போய்விடாது. டாக்டர் கொடுத்த சான்றை வைத்து டீனுக்கு ஒரு கடிதம் இன்றே எழுதுங்கள், அது ஆவணமாக இருக்கட்டும். இன்டர்னலில் தியரி, பிராக்டிகல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, இரண்டும் சேர்ந்து 50 விழுக்காடு இருந்தால் போதும். அது எல்லாத் தேர்வுகளையும் சேர்த்துப் பார்ப்பது. இரண்டில் போனவன் அடுத்ததில் தூக்கிவிடலாம். குறைந்தவர்களுக்கு ரெமிடியல் வகுப்பு நடத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பல்கலைத் தேர்விலேயே போனாலும் சில வாரத்தில் துணைத் தேர்வு வரும். தேறினால் அதே பேட்சோடு போகலாம். முதலாண்டுக்கு மொத்தம் நான்கு வாய்ப்பு. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே நாங்கள் சொல்கிறோம், ஆனால் அந்த வாரம் அவர்கள் காதில் எதுவும் ஏறுவதில்லை.

மென்டர் விஷயத்தில் தம்பி சொல்வது உண்மை. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மென்டர் டயரி என்று அச்சடித்த நோட்டு உண்டு. ஆய்வுக்கு ஆள் வருகிற வாரம் எல்லா மாணவர்களையும் வரிசையில் நிறுத்தி ஆறு மாதக் கையெழுத்தை ஒரே நாளில் போட்டோம். நானும் போட்டேன். அந்த வரிசையில் நின்ற ஒரு பெண் அடுத்த மாதம் படிப்பை விட்டுப் போனாள். அவள் நோட்டில் "மாணவி நலம்" என்று என் கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பிறகு என் பொறுப்பில் இருப்பவர்களை மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இது உங்கள் தம்பி ஒருவனுக்கு மட்டும் வந்ததும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. இணையவழியில் 25,590 இளநிலை மாணவர்களிடம் கேட்டார்கள். தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 விழுக்காடு. நூறு பேர் உட்காரும் வகுப்பில் கால்வாசிக்கு மேல். தம்பி உட்கார்ந்திருந்த வரிசையிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்திருப்பார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

இப்போது அனாட்டமி. தமிழ்வழியில் வந்த பிள்ளைகள் பாடம் புரியாமல் திணறுவது குறைவு, சொற்கள்தான் அடித்துப் போடும். சுப்பீரியர், இன்ஃபீரியர், மீடியல், லேட்டரல், ஆன்டீரியர், போஸ்டீரியர் என்று திசைச் சொற்களை முதல் நாளே கொட்டுகிறோம். பக்கத்தில் இருக்கிறவன் சிபிஎஸ்இயில் படித்தவன், தலையாட்டுகிறான். இவனுக்கு, தான் மட்டும்தான் முட்டாள் என்று தோன்றிவிடும்.

போன ஆண்டு என்னிடம் மூக்கையூர்ப் பையன் ஒருவன் இருந்தான். வைவாவில் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் டிசெக்‌ஷன் ஹாலில் அவனை மட்டும் நிறுத்தி, "உங்க ஊர்ல காத்துக்கு என்னென்ன பேரு?" என்று கேட்டேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கடகடவென்று சொன்னான். "எப்படிப் படிச்ச?" "படிக்கல மேடம், முதுகுல எந்தப் பக்கம் படுதுன்னு தெரியும்." அதையேதான் இங்கேயும் செய்ய வேண்டும் என்றேன். அவனையே நிற்க வைத்து, கையால் நெஞ்சைத் தொடு, ஆன்டீரியர். முதுகைத் தொடு, போஸ்டீரியர். கட்டை விரல் பக்கம் லேட்டரல், உள்ளங்கை முன்னால் பார்க்கணும், மறக்காதே. ஒரு வாரத்தில் உடம்பிலேயே படிந்துவிட்டது. அப்புறம் மேசையில் இருக்கும் உடலைப் பார்க்கும்போது அவனுக்குத் திசை தப்பவில்லை.

உங்கள் தம்பி அப்பாவுக்குத் தொடை எலும்பில் இடது வலது சொல்லிக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தொடை எலும்பின் தலை எப்போதும் உள்பக்கம் பார்க்கும், அதை வைத்துத்தான் பக்கம் சொல்வது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அடுத்தவருக்குப் புரிய வைக்கவும் தெரிந்திருக்கிறது. தேர்வு ஹாலில் அது ஆங்கிலமாக வெளியே வரவில்லை, அவ்வளவுதான். இதை அவனிடம் காட்டுங்கள்.

சாயல்குடி செகண்ட் இயர் | சனி காலை 6.20

அக்கா, நானும் 7.5இல் வந்தவள். விடுதியில் யாராவது தொந்தரவு கொடுத்தார்களா என்றும் மெதுவாகக் கேளுங்கள். பசங்கள் சொல்ல மாட்டார்கள். 1996இல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அப்படி ஏதாவது என்றால் 1800-180-5522க்குச் சொல்லலாம், பெயர் வெளியே வராது.

இன்னொன்று, 7.5 பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2020இலேயே அறிவித்திருக்கிறார்கள். அவனிடம் யாராவது பணம் கேட்டிருந்தால், அதை வீட்டில் சொல்ல முடியாமல் வந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது. பணம் வந்து சேர தாமதம், விடுதி அலுவலகத்தில் என் பெயரைப் போர்டில் எழுதினார்கள். மாணவிகளுக்கான அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வருகிற ஆயிரத்தைச் சேர்த்து வைத்துக் கட்டினேன். ஒரு மாதம் ராத்திரிச் சாப்பாடு பிஸ்கட்தான். வீட்டில் மூச்சுவிடவில்லை, அது மீன்பிடித் தடைக்காலம், அப்பாவுக்கு வேலை இல்லை.

வலைக்கொட்டகை | சனி காலை 10.05

தங்கச்சி, நீ எழுதியதை அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டினேன். பிஸ்கட் என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்தான். அவன் கதையும் ஏறத்தாழ இதேதான். ராகிங் இல்லை. மெஸ் பாக்கி மூன்று மாதம். எல்லோருக்கும் முன்னால் பெயர் வாசித்திருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டை எடுத்து வராததற்குக் காரணம், அதைச் சலவைக்குப் போட்டு, காசு கொடுத்து எடுக்க முடியவில்லை. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, அந்த 61 நாளை நினைத்து இவன் ஜனவரியிலேயே வாயைக் கட்டியிருக்கிறான்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

போட்டுக்காரன் | சனி காலை 10.30

மீனவர் நல வாரியத்தில் அப்பா உறுப்பினரா? பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அட்டையோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், திங்கள் நான் கூடவே வருகிறேன். தமிழ்ப் புதல்வன் ஆயிரம் அவனுக்கு வருகிறதா என்றும் பாருங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் கொடுக்கிறார்கள்.

அனாட்டமி டியூட்டர் | சனி பகல் 12.00

மெஸ் பாக்கியை எழுத்தில் டீன் அலுவலகத்துக்குக் கொடுங்கள், 7.5 மாணவர் என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு. பெயரை வாசித்ததையும் எழுதுங்கள். அப்புறம், அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் மனம் என்று, மனநல நல்லாதரவு மன்றம், தொடங்கினார்கள். அவன் கல்லூரியில் அதைப் பார்த்துக்கொள்ளும் மனநலத் துறை ஆசிரியர் யார் என்று கேட்டு, போவதற்கு முன்னால் போனில் பேசிவிடுங்கள். அவன் தனியாகப் போய் அந்தக் கதவைத் தட்ட மாட்டான். நீங்களோ அப்பாவோ கூடப் போங்கள்.

வலைக்கொட்டகை | 17 நாள் கழித்து, இரவு 9.45

கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

இரண்டாவது தடவை டாக்டரைப் பார்த்தாயிற்று. தூக்கம் வந்திருக்கிறது. ஊரில் இருந்தவரை வத்தைப் பக்கம் சாயங்காலம்தான் போனான். அம்மா ஏர்வாடிக்கும் போய்விட்டு வந்தாள், அவனும் கூடப் போனான்.

போன புதன் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். அப்பா அந்த ஊருக்குப் போனதே சேர்க்கையன்று மட்டும்தான். டீன் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, மனநலத் துறை மேடத்தைப் பார்த்து, அப்புறம் மென்டரையும் பார்த்திருக்கிறார்கள். மென்டர் முதலில் நேரமில்லை என்றாராம். அப்பா வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார், மூன்று மணி நேரம். கடைசியில் அவர் வெளியே வந்து, இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தம்பியிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை தோறும் நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பாக்கி விஷயம் இன்னும் முடியவில்லை, ஆனால் பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அங்கேயேதான் இருக்கிறான். தினமும் ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்கிறான். நேற்று மேல்கை எலும்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறான் போல. அப்பா என்னிடம் வந்து, "ஹியூமரஸுக்கும் தலை உள்பக்கந்தான் பாக்குமாம்" என்றார்.

கீழக்கரை வாப்பா | இரவு 10.20

அல்ஹம்துலில்லாஹ். என் மகள் போன வாரம் வேறு ஊரில் டாக்டரைப் பார்த்துவிட்டாள். நான்தான் சொன்னேன், போ என்று. செவிலித் தங்கச்சி, அடுத்த சிட்டிங்குக்கு உம்மாவும் வரலாமா என்று கேட்கிறாள். வரலாம்தானே?

உப்பளத்துச் செவிலி | இரவு 10.24

தாராளமாக வரட்டும் அண்ணே. முதலில் அவள் தனியாகப் பேசட்டும், அப்புறம் உம்மாவைக் கூப்பிடுவார்கள்.